ஸ்டாக்மன் ஏன் சொன்னார்? 'மக்கள் விரோதி' நாடகத்தில் உள்நோக்கம்: ஒரு நிகழ்வு ஆய்வு

நார்வேயின் தென்கரையில் ஒரு சிறு ஊர். நாடகத்தில் அதற்குப் பெயர் இல்லை. புதிதாகக் கட்டிய மருத்துவக் குளியல் நிலையத்தை நம்பித்தான் ஊர் வாழ்கிறது. நோயாளிகள் வெளியூரிலிருந்து வருகிறார்கள், வீடு நிலத்தின் மதிப்பு ஏறுகிறது, ஏழைகளைத் தாங்க ஊரார் கட்டும் வரி குறைகிறது. அந்த நிலையத்தின் மருத்துவர் தாமஸ் ஸ்டாக்மன்.

போன பருவத்தில் வந்தவர்களில் சிலருக்கு டைபாய்டும் வயிற்றுக் காய்ச்சலும் கண்டன. நோயை அவர்களே கொண்டுவந்திருப்பார்கள் என்று முதலில் நினைத்த ஸ்டாக்மனுக்கு, குளிர்காலத்தில் சந்தேகம் வந்தது. தண்ணீர் மாதிரி எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். முதல் அங்கத்திலேயே பதில் கடிதம் வந்துவிடுகிறது: தண்ணீரில் அழுகிய கரிமப் பொருளும் நுண்ணுயிர்களும் நிறைய இருக்கின்றன. மேட்டிலுள்ள டேனரிகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், கழிவு குழாயில் கலக்கிறது. குடிக்கவும் ஆகாது, குளிக்கவும் ஆகாது.

அவர் எழுதிய அறிக்கை குளியல் நிலையக் குழுவின் தலைவருக்குப் போகிறது. அந்தத் தலைவர்தான் ஊரின் மேயர், காவல்துறைக்கும் அவரே பொறுப்பு, மருத்துவருக்குக் கூடப்பிறந்த அண்ணன். பெயர் பீட்டர். குழாயை மாற்றிப் போட இரண்டு மூன்று லட்சம் குரோனர் ஆகும், குறைந்தது இரண்டு வருடம் நிலையத்தை மூட வேண்டும், அதற்குள் பக்கத்து ஊர்கள் வியாபாரத்தைப் பிடித்துவிடும் என்கிறார் அவர். அப்புறம் நடப்பதெல்லாம் வேகம். முதலில் கைதட்டிய பத்திரிகை ஆசிரியர் ஹோவ்ஸ்டாட் பின்வாங்குகிறார். வீட்டு உரிமையாளர் சங்கத் தலைவரான அச்சக்காரர் அஸ்லாக்சன், செலவு வரி கட்டுவோர் தலையில் விழும் என்று தெரிந்ததும் அச்சிட மறுக்கிறார். நான்காம் அங்கத்தில் ஊர்க்கூட்டம் கூடி, மருத்துவரை மக்களின் விரோதி என்று வாக்கெடுத்து அறிவிக்கிறது. எதிர்த்து வாக்களித்தது ஒரு குடிகாரர் மட்டும்.

ஹென்ரிக் இப்சன் எழுதிய இந்த நாடகம் 1882 நவம்பரில் அச்சாகி, 1883 ஜனவரியில் கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஆஸ்லோவில், மேடையேறியது. விசில் ப்ளோயர் என்ற சொல் இன்று குறிக்கும் பொருளில், அதாவது உள்ளிருந்துகொண்டே தவறை வெளியே சொல்பவர் என்று, புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, அந்த மனிதருக்கு நடக்கும் எல்லாமே இதில் நடந்துவிடுகிறது. ஸ்டாக்மன் சுயநலத்துக்காகச் சொன்னாரா, ஊர் நலத்துக்காகச் சொன்னாரா என்பது இதைப் படிப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. அதையே ஒரு வழக்காக எடுத்துக்கொண்டு, சாட்சியங்களை நாடகத்துக்குள்ளிருந்தே எடுத்துப் பார்க்கலாம்.

குற்றம் சாட்டியவர்கள்

உள்நோக்கம் பற்றிய பேச்சை முதலில் எடுப்பவர் பீட்டர். இரண்டாம் அங்கத்தில், தம்பிக்கு எப்போதும் அடங்காத குணம், எது தோன்றினாலும் உடனே எழுதி ஊருக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறார். மேலதிகாரியைக் கண்டாலே பிடிக்காதவன் என்பது அதன் பொருள். அதே காட்சியில் இன்னொன்றையும் தானாகவே சொல்லிவிடுகிறார்: தம்பிக்கு இந்த வேலையை வாங்கித் தந்ததில் தன் நலமும் இருந்தது, அவன் பொருளாதார நிலை மேம்பட்டால் அவனைக் கொஞ்சம் கட்டுக்குள் வைக்கலாம் என்று நினைத்தேன் என்று. குழாய் தவறான இடத்தில் போடப்பட்டதே இவருடைய காலத்தில்தான். தண்ணீர் மேலேயிருந்து வர வேண்டும் என்று மருத்துவர் அப்போதே எழுத்தில் எதிர்த்திருந்தார். ஆகவே குற்றம் சாட்டுபவரின் கை சுத்தமாக இல்லை.

ஊர்க்கூட்டத்தில் இது இன்னும் மலிவாகிறது. பத்திரிகையில் வேலை செய்யும் பில்லிங், இவர் கொஞ்ச காலமாகவே சம்பள உயர்வு கேட்டுக்கொண்டிருந்தார், கிடைக்கவில்லை என்கிறார். உடனே கூட்டத்துக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. குடிப்பழக்கமா, குடும்பத்தில் பைத்தியமா என்றுகூட ஆட்கள் தேடுகிறார்கள். படிக்கிறவர்கள் முதல் அங்கத்தைப் புரட்டிப் பார்த்தால் அங்கே நேர்மாறாக இருக்கிறது. குழு சம்பளத்தை உயர்த்தித் தர நினைத்தாலும் வாங்கமாட்டேன் என்று ஸ்டாக்மன் சொல்கிறார். அவருக்கு ஏதாவது மரியாதை செய்ய வேண்டும் என்று நண்பர்கள் பேசும்போது அதையும் வேண்டாம் என்கிறார். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தவர் இதே பில்லிங்தான்.

இந்த வழக்கில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. தண்ணீரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று ஐந்து அங்கத்திலும் ஒருவர்கூடச் சொல்வதில்லை. ஆய்வறிக்கை நம்பிக்கை தரவில்லை என்றால் இன்னொரு பாட்டிலை இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கு எவ்வளவு செலவு? மேயர் 'மேலும் ஆராய்தல்' பற்றி ஒரே ஒரு முறைதான் பேசுகிறார். அதுவும் எப்படி? மேலும் ஆராய்ந்து பார்த்ததில் நிலைமை நினைத்த அளவு மோசமில்லை என்று தெரிந்ததாக ஊருக்கு அறிவி என்று தம்பிக்குக் கட்டளையிடுகிறார். ஆராயாமலேயே ஆராய்ந்ததாகச் சொல்லச் சொல்கிறார். சொன்னவன் யார், ஏன் சொன்னான் என்று ஊர் பேசிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் தண்ணீரைப் பற்றிப் பேசாத நேரம். மேயருக்கு வேண்டியதும் அதுதான்.

ஸ்டாக்மன் தானே தந்த சாட்சியம்

இதனால் ஸ்டாக்மன் தூயவர் என்று ஆகிவிடாது. இப்சன் அவரை அப்படி எழுதவில்லை.

பல்கலைக்கழகக் கடிதம் வந்த இரவை எடுத்துக்கொள்வோம். நோயாளிகளுக்கு விஷத் தண்ணீர் கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்ட மருத்துவர் அவர். அந்தச் செய்தி வந்ததும் அவரிடம் முதலில் தெரிவது பூரிப்பு. என் யோசனைகளைப் பைத்தியக்காரத்தனம் என்பார்களே, இப்போது சொல்லட்டும் பார்ப்போம் என்கிறார். குழாயைப் பற்றி அன்றைக்கே எழுதினேனே என்று நினைவூட்டுகிறார். மனைவியைப் பிடித்துச் சுற்றி ஆடுகிறார். அண்ணன்கூடச் சந்தோஷப்படுவார் என்று உண்மையாகவே நம்புகிறார். காய்ச்சலில் படுத்த யாரையும் பற்றி அந்தக் குதூகலத்துக்கு நடுவே ஒரு வருத்தமான வார்த்தை இல்லை.

மூன்றாம் அங்கத்தில் மேயர் அவசரத்தில் விட்டுப்போன தொப்பியையும் கைத்தடியையும் எடுத்து மாட்டிக்கொண்டு, இனி ஊரில் அதிகாரம் என்னுடையது என்று பத்திரிகை அலுவலகத்தில் நடை போடுகிறார். வேடிக்கைதான், ஆனால் வேடிக்கையில் மனம் தெரிகிறது. குளியல் நிலையம் யாருடைய யோசனை என்ற சண்டை முதல் அங்கத்திலேயே அண்ணன் தம்பிக்குள் புகைகிறது. ஆக, இவர் வெளியே சொன்ன உண்மை ஊரைக் காப்பாற்றும். அண்ணனைத் தோற்கடிக்கவும் செய்யும். இரண்டும் ஒரே உறையில் வந்தன. எது அவரை அதிகம் மகிழ்வித்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அவருக்குச் சாதகமாக ஒரு சின்ன விவரம் இருக்கிறது, பலரும் கவனிக்காமல் விடுவது. குளியல் நிலையத்தைப் புகழ்ந்து அவர் குளிர்காலத்தில் எழுதிக் கொடுத்த கட்டுரை ஹோவ்ஸ்டாட்டின் கையில் இருக்கிறது. முதல் அங்கத்தில் அதைப் போட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்கிறார். காரணத்தைச் சொல்வதில்லை. ஆய்வக முடிவு வரும்வரை மனைவியிடம்கூடச் சந்தேகத்தைச் சொல்லாமல் வைத்திருக்கிறார். புகழுக்காக மட்டும் செய்பவர் இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டார். தெரியாததை உறுதிப்படுத்திக்கொண்டு பேசுவது ஒரு மருத்துவரின் ஒழுக்கம். அந்த ஒழுக்கமும் குழந்தைத்தனமான தற்பெருமையும் ஒரே ஆளுக்குள் இருக்கின்றன.

கீல் வைத்த பொறி

வழக்கின் நெஞ்சு ஐந்தாம் அங்கம். முந்தின இரவு ஜன்னல்களை உடைத்த கற்கள் இன்னும் அறைக்குள் கிடக்கின்றன. வேலை போயிற்று. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். பீட்டர் வந்து ஒரு சமரசம் சொல்கிறார்: ஊரைவிட்டுக் கொஞ்ச நாள் போய்விடு, ஆறு மாதம் யோசித்துவிட்டு, தவறிவிட்டேன் என்று சில வரி எழுதிக் கொடுத்தால் வேலை திரும்பக் கிடைக்கலாம். இதை மறுப்பது ஸ்டாக்மனுக்கு எளிது. கோபம் உதவும்.

அடுத்து வருபவர் மோர்ட்டன் கீல். ஸ்டாக்மனின் மனைவி காத்ரீனை வளர்த்த தந்தை, பணக்காரர், டேனரிக்காரர். ஊரிலேயே மோசமான கழிவு அவருடைய டேனரியிலிருந்துதான் வருகிறது. அப்பா, தாத்தா காலத்திலிருந்தே அப்படி. காலையில் எழுந்ததும் அவர் செய்த வேலை, விலை சரிந்து கிடந்த குளியல் நிலையப் பங்குகளை வாங்கியது. எந்தப் பணத்தில்? காத்ரீனுக்கும் பிள்ளைகளுக்கும் எழுதி வைத்திருந்த பணத்தில். தண்ணீர் கெட்டது என்று நீ தொடர்ந்து சொன்னால் பங்குக்கு மதிப்பில்லை, உன் பிள்ளைகளின் சொத்தை நீயே அழிக்கிறாய். தண்ணீர் நல்லது என்று சொன்னால் எல்லாம் அவர்களுக்கு. சுத்தமான மனிதன் என்ற பெயரோடு வாழ்ந்து சாக வேண்டும், அந்தப் பெயரை நீதான் மீட்டுத் தர வேண்டும் என்கிறார் கிழவர். இரண்டு மணிக்குள் பதில் வேண்டும்.

ஒரு மனிதரின் உள்நோக்கத்தைச் சோதிக்க இதைவிடக் கொடூரமான பரிசோதனையை யாராலும் கட்ட முடியாது. இதுவரை அவர் இழந்தது எல்லாம் அவருடையது என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது தராசில் இருப்பது மனைவியின், பிள்ளைகளின் எதிர்காலம். வாயை மூடுவதற்கு இனி சுயநலம் என்ற பெயரே தேவையில்லை. குடும்பக் கடமை என்று சொல்லிவிடலாம். எவ்வளவு மரியாதையான பெயர்!

ஸ்டாக்மன் ஆடிப்போகிறார். அவர் ஆடும் விதம் முக்கியம். எனக்கு இவ்வளவு உறுதியாகத் தெரியாமல் இருந்திருந்தால் நன்றாயிருக்குமே என்கிறார். அறிவியல் ஏதாவது முறிமருந்து கண்டுபிடிக்காதா என்கிறார். எல்லோரும் இது என் கற்பனை என்கிறார்களே, கற்பனையாகவே இருந்துவிட்டுப் போகட்டும், என்னை இப்படி அவமானப்படுத்திய ஊர்தானே என்றும் வாய் வருகிறது. காத்ரீனைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். நேற்று இரவு கூட்டத்தில் சிங்கமாக நின்றவர் இன்று காலை பேரத்தின் வாசலில் நிற்கிறார். அந்தக் கோபத்தின் இரண்டு முகமும் இங்கே தெரிகிறது: பேச வைத்ததும் அதுதான், வாயை மூடிக்கொள்ளச் சொல்லித் தூண்டுவதும் அதுதான்.

அவரைத் திருப்பி நிறுத்துவது எது? ஹோவ்ஸ்டாட்டும் அஸ்லாக்சனும். இருவரும் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். மாமனார் பங்கு வாங்கியது தெரிந்ததும் அவர்களுக்குக் கதை முழுவதும் பொருந்திவிட்டது. மருத்துவர் வேண்டுமென்றே தண்ணீரைப் பற்றிப் புரளி கிளப்பி விலையை வீழ்த்தினார், மாமனாரை விட்டு வாங்கினார். முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சொந்தக்காரரைப் போட்டது அவ்வளவு புத்திசாலித்தனமில்லை என்று குறைபட்டுக்கொள்கிறார்கள். பத்திரிகைக்குப் பணம் தந்தால் இனி உங்கள் பக்கம் என்கிறார்கள். தராவிட்டால் பங்கு வாங்கிய விஷயத்தை வேறு விதமாக எழுதுவார்கள்.

இந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் நடுங்குகிறேன். அவர்கள் கோபத்தோடு குற்றம் சாட்டியிருந்தால் பரவாயில்லை. பாராட்டுகிறார்கள். யோக்கியமான காரணத்துக்காக ஒருவர் இப்படிச் செய்வார் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை. தங்கள் மனதில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே அவர் மனதிலும் வைத்துப் பார்க்கிறார்கள். ஸ்டாக்மனுக்கு அப்போதுதான் தெரிகிறது, கீலின் பங்குகளை ஏற்றுக்கொண்டால் இந்தப் பொய்க் கதை உண்மையாகிவிடும் என்று. குடையை எடுத்து இருவரையும் துரத்துகிறார். அப்புறம் முகவரி அட்டையில் மூன்று முறை 'முடியாது' என்று எழுதிக் கீலுக்கு அனுப்பிவிடுகிறார்.

கவனியுங்கள், மனச்சாட்சி மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை. அருவருப்பு காப்பாற்றியது. இது அவருடைய தியாகத்தின் மதிப்பைக் குறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இழக்க வேண்டியதை எல்லாம் அவர் இழந்தார், லாபம் கைக்கு வந்த ஒரே தருணத்தில் வேண்டாம் என்றார். சுயநலக் குற்றச்சாட்டு இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது.

கூட்டத்தில் காணாமல் போனவர்கள்

என் மனத்தாங்கல் வேறு இடத்தில். நான்காம் அங்கத்தில் தலைமை ஏற்கும் அஸ்லாக்சன், தண்ணீரைப் பற்றிப் பேச அவரை விடுவதில்லை. சரி, வேறு எதையோ பேச வேண்டியதாகிறது. ஸ்டாக்மன் எடுப்பது பெரும்பான்மை என்றுமே சரியாக இருந்ததில்லை என்ற வாதம். உண்மைகளுக்கு ஆயுள் பதினேழு பதினெட்டு, மிஞ்சினால் இருபது வருடம் என்கிறார். சாதாரண மக்களைத் தெருநாயோடும், தேர்ந்தவர்களை நல்ல சாதி நாயோடும் ஒப்பிடுகிறார். பொய்யில் வாழும் ஊர் அழிந்தாலும் பரவாயில்லை என்ற இடம்வரை போகிறார். அந்தப் பேச்சில் டைபாய்டு இல்லை. காசு கொடுத்துக் குணமாக வந்து, நோயோடு திரும்பிய மனிதர்கள் இல்லை. அவர்களுக்காகத் தொடங்கிய வழக்கு அவரைப் பற்றிய வழக்காகிவிடுகிறது. பணத்தில் இல்லாத சுயநலம் இங்கே எட்டிப் பார்க்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. அவருடைய மகள் பெட்ரா ஆசிரியை. மொட்டைக் கடிதங்கள் போனதால் வேலை போகிறது. கூட்டத்துக்கு வீடு கொடுத்த கப்பல் கேப்டன் ஹோர்ஸ்டருக்குக் கப்பல் போகிறது. பையன்கள் இருவரும் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பப்படுகிறார்கள். காத்ரீன் முதலில் கெஞ்சுகிறார், வறுமையை மறுபடி பார்க்க வேண்டுமா என்று. பத்திரிகை அலுவலகத்தில் எல்லோரும் கைவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு கணவன் பக்கம் நிற்கிறார். இவர்களில் யாரையும் ஸ்டாக்மன் கேட்டுவிட்டு முடிவெடுக்கவில்லை. உண்மையைச் சொல்ல அனுமதி கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விலையில் பாதியை அடுத்தவர் கொடுக்கிறார் என்பதை அவர் ஒருமுறையாவது நிறுத்திப் பார்த்திருக்கலாம்.

எழுதியவரின் பக்கம்

இப்சனுக்கும் ஒரு உள்நோக்கம் இருந்தது. 1881-ல் வந்த 'பேய்கள்' நாடகத்துக்காக அவரைத் தாராளவாதப் பத்திரிகைகளே கடித்துக் குதறின. வழக்கமாக இரண்டு வருடத்துக்கு ஒரு நாடகம் எழுதியவர், அடுத்த வருடமே இதை எழுதிவிட்டார். ஹோவ்ஸ்டாட்டின் மேல் இருக்கும் காரம் எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் தன் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், டாக்டரும் நானும் பல விஷயத்தில் ஒத்துப்போகிறோம், ஆனால் அவர் என்னைவிடக் குழம்பிய மண்டை என்ற பொருளில் எழுதினார். தன் கோபத்தைக் கொடுத்த பாத்திரத்துக்கே தன் நியாயம் முழுவதையும் அவர் கொடுக்கவில்லை. அதனால்தான் நாடகம் இன்னும் உயிரோடிருக்கிறது.

பின்னால் வந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் பிடிக்கவில்லை. 1950-ல் நியூயார்க் மேடைக்காக அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் இதைத் திருத்தி எழுதியபோது, பிறப்பால் உயர்ந்தவர் பற்றிய பேச்சை எடுத்துவிட்டார். 1989-ல் சத்யஜித் ராய் தன் திரைப்படத்தில் கதையை வங்காளத்துக்குக் கொண்டுவந்து, குளியல் நீருக்குப் பதில் கோவில் தீர்த்தத்தை வைத்தார். முடிவில் மருத்துவருக்கு ஆதரவாக இளைஞர்களின் குரல் கேட்கிறது. இருவருக்கும் காரணம் இருந்தது, ராயின் மருத்துவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் சொன்னவரைக் குளிப்பாட்டிச் சுத்தமாக்கினால்தான் அவர் சொன்னதை நம்புவோம் என்றால், மேயரின் விதியை நாமும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

சட்டம் இந்த இடத்தில் மெல்ல முன்னேறியிருக்கிறது. தவறை வெளியே சொன்ன ஊழியரைப் பாதுகாக்க வந்த பிரிட்டனின் 1998 சட்டம், அவர் நல்லெண்ணத்தோடு சொன்னாரா என்று கேட்டது. வழக்குகளில் அந்தக் கேள்வியே ஆயுதமானது. 2013-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். நல்லெண்ணம் இல்லையென்றால் இழப்பீட்டில் 25 சதவீதம்வரை குறைக்கலாம், பாதுகாப்பை மறுக்க முடியாது. 2019-ன் ஐரோப்பிய ஒன்றிய உத்தரவு, சொன்னவரின் நோக்கம் பாதுகாப்புக்குப் பொருட்டே அல்ல, சொன்னது உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்ததா என்பதே போதும் என்கிறது. இந்தியாவின் 2014 சட்டத்தில் நல்லெண்ணம் என்ற சொல் இன்னும் இருக்கிறது.

இந்த அளவுகோலில் ஸ்டாக்மனை வைத்தால் வழக்கு நிமிடத்தில் முடிந்துவிடும். கையில் ஆய்வக முடிவு இருக்கிறது, முதலில் மேலிடத்துக்குத்தான் அறிக்கை அனுப்பினார், அங்கே கதவு அடைபட்ட பிறகே பத்திரிகைக்குப் போனார். அண்ணன்மேல் பொறாமை இருந்ததா, தொப்பியை மாட்டி ஆடினாரா என்பதெல்லாம் அவரைப் பற்றிய செய்தி, தண்ணீரைப் பற்றியது அல்ல.

ஆனால் நாடகம் கேட்பது சட்டம் கேட்பதைவிடப் பெரியது. அந்த மனிதரை எப்படி மதிப்பது என்று கேட்கிறது. கடைசிக் காட்சியில் அவர் அமெரிக்காவுக்குப் போகும் எண்ணத்தைக் கைவிடுகிறார். ஹோர்ஸ்டரின் வீட்டில் தங்குவேன், காசு கொடுக்க முடியாத ஏழை நோயாளிகளுக்குத்தான் நான் அதிகம் தேவை என்கிறார். தெருப்பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளி நடத்தப் போவதாகச் சொல்கிறார், தொடங்கப் பன்னிரண்டு பேராவது வேண்டுமாம். கொஞ்ச நேரத்தில், உலகிலேயே பலமான மனிதன் தனியாக நிற்பவன் என்று அறிவிக்கிறார். அதைச் சொல்லும்போது மனைவியும் மகளும் அவரைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். உலகம் அந்த இரண்டாம் வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொண்டது, மேடையில் கைதட்டு வாங்குவதும் அதுவே. எனக்கு எடை கூடியதாகத் தெரிவது முதல் வாக்கியம். ஊர்க்கூட்டத்தில் அவர் மறந்துபோன நோயாளிகள் அதில் திரும்ப வந்துவிடுகிறார்கள், அவர்களால் அவருக்குக் கிடைக்கப் போவது எதுவும் இல்லை.